இடது குதிகாலுக்குக் கீழே

ஜனவரி 9

அன்புள்ள குச்சிக்கு,

நீ சொன்னபடியே உங்கள் யோகா நிலையத்தின் கிளையில் சேர்ந்துவிட்டேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கோ இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் உடம்பு கூசுகிறது.

போனில் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். நீ இருக்கும் தலைமை நிலையத்தில்தான் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்களே! அதனால் இந்தக் காகிதம். பாடப்புத்தகங்களில் அடுத்தவர் பிழைகளைத் திருத்தியே தலை நரைத்தவளுக்குச் சொந்தமாக நாலு வரி எழுதக் கை தடுமாறுகிறது. பொறுத்துக்கொள்.

கூடத்தைச் சொல்கிறேன். ஜன்னல்களைத் திறப்பதில்லை, உடம்பின் சூடு வெளியே போய்விடுமாம். விரிப்புகள் பொது. என் விரிப்பில் யாருடையதோ நீளமான முடி ஒன்று வியர்வையோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் கையூன்றிக் கவிழ்ந்தபோது அவருடைய பாதவெடிப்புகள் என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அவற்றுக்குள் இருந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டே நான் ஆழமாக மூச்சிழுக்க வேண்டும்.

சொல்லித் தருகிறவருக்குக் கோணமானி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஈரக் கை. புதினா மிட்டாய் வாசனையும் அதற்கு அடியில் வேறொரு வாசனையுமாக மூச்சு.

"தொடையை உள்ளே இழுங்கம்மா. தொடை எங்கே இருக்குன்னு தெரியுதா?"

"நாப்பத்தாறு வருஷமா கூடவே இருக்கு. தெரியாமப் போகுமா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கோயிலில் தும்மியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பிறகு அந்தத் துணி. நான்காக மடித்த கனத்த துணியை ஆளுக்கொன்றாகத் தந்து இடது குதிகாலுக்குக் கீழே வைத்து நிற்கச் சொன்னார். என் துணியில் முன்பு நின்றவரின் குதிகால் பழுப்பு வட்டமாகப் பதிந்திருந்தது. எதற்கு இது என்று கேட்டேன்.

"இதயம் இடது பக்கம்மா. அந்தப் பக்கம் உயரணும். நம்ம நிலையத்தை ஆரம்பிச்ச ஐயாவோட கண்டுபிடிப்பு. வேற எந்த இடத்துலயும் இது கிடைக்காது."

வீட்டில் செய்து காட்டினேன். உன் அண்ணன் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். "கோணலா நிக்கிறதுக்கா அவ்வளவு தூரம் போறே? இங்கயே நில்லேன், நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார்.

கழுத்துவலி போகும் என்று நீ சத்தியம் செய்ததால் ஒரு மாதம் போகிறேன். அதற்கு மேல் கேட்காதே.

அண்ணி

ஜனவரி 20

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்ததால் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு எல்லாமே அருவருப்புதான். பஸ்ஸின் கைப்பிடி, அடுத்தவர் வீட்டு டம்ளர், லிஃப்ட்டின் பொத்தான். நான் கிளம்பிய அன்று என்னைக் கட்டிக்கொண்டபோதுகூட மூச்சை அடக்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். உடம்பு என்றால் வியர்க்கும், நாறும். அதற்குள்ளே போய்ப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி.

உங்கள் ஆசிரியருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சொல்கிறேன், அப்படியே செய்யுங்கள். நிற்பது எப்படி என்று நமக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பெருவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு, குதிகாலின் உட்பக்கம், வெளிப்பக்கம். இந்த நான்கிலும் எடை சமமாக இறங்குகிறதா என்று கவனியுங்கள். அவசரப்படாதீர்கள். எடை எங்கே ஒளிந்துகொள்கிறது என்று கண்டுபிடிக்கவே சில நாள் ஆகும். முழங்கால் சில்லை மேலே தூக்குங்கள். வால் எலும்பைத் தரையை நோக்கி விடுங்கள். தோள்களைக் காதிலிருந்து தூரமாகக் கொண்டுபோங்கள். பிழை திருத்தும்போது உங்கள் தோள் காதோடு ரகசியம் பேசிக்கொண்டிருக்கும், நான் பார்த்திருக்கிறேன். கழுத்துவலி அதனால்தான்.

துணியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதுதான் எங்கள் நிலையத்தின் உயிர்.

ஒரு செய்தி. உங்கள் ஊர்க் கிளையின் பொறுப்பை இந்த வருஷம் ஐயா வேறொருவருக்குத் தரப்போகிறார். என் பெயர் அடிபடுகிறது. பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை வேலையை உதறிவிட்டு நான் இங்கே வந்தபோது நீங்கள் எல்லோரும் என்ன பேசினீர்கள் என்று எனக்கு மறக்கவில்லை. இந்த வயதில் எனக்கென்று வீடு இல்லை, குடும்பம் இல்லை. ஒரு கூடமாவது இருக்கட்டுமே.

இடது இடுப்பில் கொஞ்ச நாளாக வலி. படி ஏறினால் உள்ளே ஏதோ கடிப்பதுபோல் இருக்கிறது. ஐயாவிடம் சொன்னேன். "வலின்னா உன் அகங்காரம் உடையுதுன்னு அர்த்தம். உடையட்டும் விடு" என்றார். விட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலங்களில் ஐயாவின் கால்களுக்கு எண்ணெய் தேய்க்கும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார். எல்லோருக்கும் கிடைக்காது. நீங்கள் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள்.

குச்சி

பிப்ரவரி 26

அன்புள்ள குச்சிக்கு,

சுளித்தேன். நீ அனுமதி தந்ததால் நன்றாகவே சுளித்தேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியபடி நின்று பார்த்தேன். என் எடை முழுவதும் வலது குதிகாலில் போய் ஒளிந்திருந்தது. அதை இழுத்து வந்து நான்கு மூலைக்கும் பங்கு போட ஒரு வாரம் ஆயிற்று. அச்சகத்தில் நாற்காலியில் உட்காரும்போதும் தோள் காதுக்குப் போவது தெரிகிறது, இறக்கிவிடுகிறேன். கழுத்து பாதி சரியாகிவிட்டது. அது உன் கைவண்ணம். கோணமானிக்கு அதில் பங்கில்லை.

ஆனால் நான்கிலும் சமம் என்று சொல்லிவிட்டு ஒரு குதிகாலை மட்டும் ஏன் தூக்கச் சொல்கிறாய்? இந்தக் கேள்வி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். இடது தோள் ஏறி, தலை வலப்பக்கம் சாய்ந்து. முகத்தைப் பார்க்காமலே "நீங்க நம்ம வகுப்புதானே?" என்றேன். இங்கே மருந்துக்கடை வைத்திருப்பவள்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரும் சொல்றார், பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேக்கிற மாதிரியே நிக்கிறேனாம்." பிறகு பஸ் படியில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இடுப்புங்க. இந்த இடது பக்கம், உள்ளே."

குச்சி, நீ சொன்ன அதே இடத்தில் கையை வைத்தாள்.

நேற்று உங்கள் ஐயா வந்திருந்தார். கூடம் கொள்ளாத கூட்டம். பெரிய மனிதர்கள் விசும்பி அழுதார்கள். ஒருவருடைய மூக்குச் சளி விரிப்பில் சொட்டியது, அவர் துடைக்கவில்லை. ஐயா துணியை மடித்துக் குதிகாலுக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றார். அழகாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு அமைதியாக ஒரு மனிதர் நிற்பதை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் பின்பக்கம் கை கழுவப் போனேன். ஓர் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கோணமானி தரையில் உட்கார்ந்து ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். வலது ஷூ சாதாரண ஷூ. இடது ஷூவின் அடி இரண்டு விரற்கடை தடிமன். மாட்டி முடித்ததும் ஐயா எழுந்து நின்றார். துணி இல்லை. விளக்குக்கம்பம் மாதிரி நேராக நின்றார்.

அவருடைய இடது கால் கட்டை, குச்சி. அவ்வளவுதான் விஷயம். அவர் நேராக நிற்க அவருக்குத் துணி வேண்டும். நமக்கு வைத்தால் நாம் கோணலாவோம்.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். அச்சுத் தகட்டில் ஓர் எழுத்து சாய்ந்திருந்தால் பிரதிக்குப் பிரதி சாய்ந்தே வரும். பிள்ளைகள் அதுதான் சரி என்று அப்படியே எழுதிப் பழகுவார்கள். அவருடைய காலைப் பார்த்து எனக்கு எந்த அருவருப்பும் வரவில்லை. இதயம் இடது பக்கம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் ஓதுகிறார்களே, அதை நினைத்தால்தான் வாயெல்லாம் கசக்கிறது.

நான் வகுப்பை விட்டுவிட்டேன். நீ முதலில் அந்தத் துணியை எறி. எலும்பு டாக்டரைப் பார். அகங்காரம் இடுப்பில் இருப்பதாக எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

அண்ணி

மார்ச் 6

அண்ணி,

கதவிடுக்கில் எட்டிப்பார்த்து ஒரு மனிதரின் செருப்பை அளந்து வந்திருக்கிறீர்கள். படித்தவர் செய்கிற காரியமா இது?

ஐயாவின் கையால் நடக்க முடியாதவர்கள் நடந்திருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒன்றரை மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டு அவருடைய உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறீர்கள். என் பெயர் கிளைப் பொறுப்புக்கு வந்த நேரம் பார்த்து இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இனி எழுதாதீர்கள்.

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணி,

எழுதாதீர்கள் என்றேன், நீங்களும் எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலமும் வழக்கம்போல் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன். ஐயா கால்களை நீட்டிப் படுத்திருந்தார். தேய்த்து முடித்ததும் இரண்டு கால்களையும் சேர்த்துவைத்துத் துண்டால் மூடுவது வழக்கம். சேர்த்துவைத்தேன். கணுக்கால் எலும்புகள் இரண்டும் சந்திக்கவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே.

இதில் புதிது ஒன்றும் இல்லை, அண்ணி. என்றைக்குமே அவை சந்தித்ததில்லை. ஒவ்வொரு நாளும் நான்தான் கோணலாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து நகர்ந்து உட்காருவேன். கைக்குத் தெரிந்ததை நான் நம்பவே இல்லை.

பிறகும் பல நாள் கேட்கவில்லை. நேற்றுத்தான் கேட்டேன். அவர் ஆரஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க இடது கால் கட்டையா?"

"ஆமா. பொறந்ததுலேருந்தே. ஏன்?"

சாதாரணமாகச் சொன்னார். மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோல்.

"அப்போ அந்தத் துணி?"

"எனக்கு வேணும், வெச்சுக்கிட்டேன். மொதல்ல கத்துக்க வந்தவன் பாத்தான், அவனும் வெச்சுக்கிட்டான். வேணாம்னு சொல்லியிருக்கலாம்." ஒரு சுளையைப் பிய்த்தார். "சின்ன வயசுல நான் ஒருத்தன்தான்மா அப்படி நிப்பேன். பசங்க பின்னாடியே நடந்து காட்டுவானுங்க. அப்புறம் பாத்தா ஒரு கூடமே என்னை மாதிரி நிக்குது, பயபக்தியோட. நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"இதயம் இடது பக்கம்னு சொல்றாங்களே?"

"அது நான் சொல்லல. யாரோ சொன்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சு."

"எங்களுக்கு வலிக்குதே ஐயா."

"எனக்கும்தான் வலிச்சுது. யாரு கேட்டா?"

வாயிலிருந்த விதைகளை உள்ளங்கையில் துப்பி என்னிடம் நீட்டினார். எப்போதும் நீட்டுவார், எப்போதும் வாங்குவேன். நேற்றும் வாங்கினேன். எச்சில் விதைகள் என் கையில் வெதுவெதுப்பாக இருந்தன. வாங்கியதை நினைத்துத்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பு.

அதற்கப்புறம் சொன்னார்: "அந்த ஊர்க் கிளையை நீ பாத்துக்க. துணி மட்டும் மாறக் கூடாது."

நான் சரி என்றுவிட்டேன்.

நான் மறுத்தால் உங்கள் கோணமானியே இருப்பார், அதைவிட நான் இருப்பது நல்லது என்றெல்லாம் எழுத நினைத்தேன். உண்மை அதுவல்ல. எனக்கு அந்தக் கூடம் வேண்டும்.

அறைக்கு வந்து துணி இல்லாமல் நின்று பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தால் நேராக இருக்கிறேன். கண்ணை மூடினால் சரிந்து விழப்போவதுபோல் இருக்கிறது.

குச்சி

ஏப்ரல் 20

குச்சி,

அந்த விதைகள் பற்றிய வரியைப் படித்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். உன் அண்ணன் பின்னாலேயே வந்து "என்ன சாப்பிட்டே?" என்றார். "உங்க தங்கச்சி கடிதத்தை" என்றேன்.

நீ நம்பிக்கொண்டிருந்தவரை எனக்கு உன்மேல் கோபம் மட்டும்தான் இருந்தது. இப்போது தெரிந்தே செய்யப்போகிறாய். மருந்துக்கடைக்காரி பஸ் படியில் கால் வைக்க முடியாமல் நிற்கிறாள். அவளுக்கு நீயே துணி மடித்துக் கொடுப்பாய். வலிக்கிறது என்றால் அகங்காரம் உடைகிறது என்பாய். அந்தக் கிழவருக்காவது சின்ன வயதில் கேலி செய்த பையன்கள் இருந்தார்கள். உனக்கு என்ன சாக்கு?

உன் இடுப்பைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

இந்த ஊருக்கு வருகிறாய் என்றால் கிளையின் மாடியறையிலேயே இருந்துகொள். என் வீட்டுப் படி ஏறாதே.

அண்ணி

ஜூன் 2

அன்புள்ள அண்ணி,

மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. அண்ணன் தபால்காரராகிவிட்டார். "ரெண்டு பேரும் ரோஷத்தை வெச்சுக்குங்க, நடையை எனக்குக் குடுங்க. இப்படியே போனா எனக்குத்தான் தொந்தி குறையும்" என்று அலுத்துக்கொண்டார். பதில் தராமல் அவரை அனுப்ப வேண்டாமாம்.

நீங்கள் நினைப்பதுபோல் நான் துணியை மடித்துக் கொடுக்கவில்லை. வந்த முதல் நாளே அலமாரியில் இருந்தவற்றை எல்லாம் வாரிக் குவித்தேன். அந்தக் குவியலிலிருந்து ஊரார் குதிகால்களின் நாற்றம் எழுந்தது. உங்கள் மூக்கு எவ்வளவு நியாயமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாளியில் ஊறவைத்தேன். தண்ணீர் சாக்கடையாக மாறியது. கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்தேன், மறுபடியும் அப்படியே. எத்தனை உடம்புகளின் தோல் அது!

துணி எங்கே என்று வகுப்பில் கேட்டார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "துவைக்கப் போட்டிருக்கேன்" என்றேன்.

அடுத்த வகுப்பிலும் கேட்டார்கள். "இன்னும் காயல" என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை துணி காயவே இல்லை.

இதற்கிடையில் ஒவ்வொருவராகச் சரிசெய்துவருகிறேன். இப்போதுதான் உண்மையாகவே பார்க்கக் கற்கிறேன், அண்ணி. ஒருவருக்குத் தொடையெலும்பு உள்நோக்கித் திரும்பியிருக்கிறது, அவருடைய பாதத்தை நேராக வை என்று அதட்டினால் முழங்கால் போய்விடும். இன்னொருவருக்கு முதுகு இயல்பிலேயே வளைவு. எல்லோருக்கும் ஒரே கோடு கிடையாது. மருந்துக்கடை அம்மா மட்டும் நிமிர்த்திவிட்டாலும் மறுபடி சாய்ந்துவிடுகிறார். "துணி இல்லாம எனக்குக் கோணலா இருக்குங்க" என்று வீட்டிலிருந்து துண்டு கொண்டுவந்துவிட்டார். அதைப் பிடுங்கவும் எனக்கு மனம் வரவில்லை.

காலை உயர்த்தி உடை மாட்ட முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்துதான் மாட்டுகிறேன். கேட்டீர்களே என்பதற்காக எழுதுகிறேன்.

ஐயா வருடாந்தர வகுப்பு எடுக்க இந்த மாதக் கடைசியில் வருகிறார்.

குச்சி

ஜூன் 3

குச்சி,

வெயில் மண்டையைப் பிளக்கிறது, உன் துணி மட்டும் காயவில்லையாக்கும். நல்ல துணி.

எடுத்தது சரி. ஏன் எடுத்தேன் என்று நீ சொல்லாதவரை அவர்கள் வீட்டிலிருந்து துண்டு கொண்டுவந்துகொண்டேதான் இருப்பார்கள். ஐயா வருகிறபோது என்ன சொல்வாய்? மழை என்பாயா?

அன்றைக்கு நான் அங்கே வர மாட்டேன். அந்தக் கூடத்தில் இன்னொரு முறை மூச்சிழுக்க என்னால் ஆகாது. நீயாகத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

உன் அண்ணன் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். கட்டிலில் உட்கார்ந்து உடை மாட்டுவது கிழவிகளுக்கு. டாக்டரிடம் போ.

அண்ணி

ஜூன் 29

அன்புள்ள அண்ணி,

ஊரில் கேட்டதை வைத்து அண்ணன் ஏற்கெனவே பாதியைச் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்ல வேண்டும்.

இன்று காலை கூடம் நிறைந்திருந்தது. கோணமானி பின்னறையில் ஐயாவின் ஷூவைக் கழற்றி, கைத்தாங்கலாக அழைத்துவந்து விரிப்பில் நிறுத்தினார். ஐயா என்னைப் பார்த்தார்.

"துணி?"

"துவைக்கப் போட்டிருக்கேன், ஐயா."

அவருக்குப் புரிந்தது. லேசாகச் சிரித்தார். சரி பார்ப்போம் என்பதுபோல் துணி இல்லாமலே நின்றார். இடது இடுப்பு கீழே இறங்கியது. வலது தோள் ஏறியது. ஒருபக்கம் சுவர் இறங்கிய வீடு மாதிரி நின்றார்.

நான் கூடத்தைப் பார்த்தேன், அண்ணி. எல்லோருடைய இடது இடுப்பும் இறங்கியது. நான் வாரக்கணக்காகக் கையால் நிமிர்த்தியவர்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் முழங்காலை மடக்கி இடுப்பை இறக்கி அவரைப் போலவே சரிந்தார்கள். இவ்வளவு நாள் வலதுபக்கம் சாய்ந்தவர்கள் ஒரு நிமிஷத்தில் இடதுபக்கம் சாய்ந்தார்கள். கோணமானி பக்தியோடு கிசுகிசுத்தார்: "இன்னைக்கு ஐயா புதுசா குடுக்கிறார். நல்லா கவனிங்க."

ஐயா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. ஆரஞ்சு சாப்பிடும்போது இருக்குமே, அது. வாயைத் திறந்தால் வாந்திதான் வரும் என்று நினைத்தேன். பேச்சு வந்தது.

"ஐயாவுக்கு இடது கால் கட்டை. அதனாலதான் துணி. உங்க யாருக்கும் கால் கட்டை இல்ல. நேரா நில்லுங்க."

யாரும் அசையவில்லை. பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீங்கள் பஸ்ஸின் கைப்பிடியைப் பார்ப்பீர்களே, அந்தப் பார்வை. முன்வரிசையில் ஒருவர் கத்தினார்: "பெரிய மனுஷனோட ஊனத்தைச் சபையில சொல்றியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அவர் சொன்னது எனக்கு வலித்தது. காலைச் சொல்லிக் காட்டிய பையன்களில் ஒருத்தியாகிவிட்டேனா என்று தோன்றியது. ஐயா கையை உயர்த்தி அவரை அடக்கினார். "துணியை எடுத்துட்டு வாம்மா" என்றார்.

போய் எடுத்துவந்தேன். மாடியறையில் எல்லாம் காய்ந்து மடித்து அடுக்கித்தான் இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துவந்து, அவர் காலருகே முட்டிபோட்டு, குதிகாலைத் தூக்கிக் கீழே வைத்தேன். அவருக்கு அது வேண்டும். நிமிர்ந்தார். அழகாக இருந்தது, நீங்கள் எழுதியதுபோல.

எழுந்து திரும்பினால் எனக்கு முன்னால் கைகள். "எங்களுக்கும் குடுங்க." முதல் வரிசை, இரண்டாவது வரிசை, எல்லாக் கைகளும். அப்போதுதான் நான் சொன்னதைக் கேட்டிருந்தார்கள், அண்ணி. காது கேட்கிறவர்கள்தான்.

"தர மாட்டேன்" என்றேன்.

தராவிட்டால் என்ன? ஒருவர் சட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டார். ஒருத்தி கைப்பையை வைத்தாள். ஒருவர் கழற்றிப் போட்டிருந்த காலுறைகளை உருண்டையாக்கிக் குதிகாலுக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கூடம் முழுக்க அமைதியாக வலதுபக்கம் சாய்ந்தது. கோணமானி என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டார். ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அதே மாதிரி இறங்கும் சத்தம். மருந்துக்கடை அம்மா. நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ என் இடுப்பு?" என்றார். அறைந்துவிடுவார் போல் இருந்தது. "இத்தனை நாள் வலியைப் பொறுத்துக்கிட்டு நின்னேனே, அதுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா, அவரா?"

"தெரியல. என் இடுப்பும் என்ன ஆச்சுன்னு தெரியல" என்றேன்.

நடுப்படியில் நின்று திட்டினார். நான் கேட்டுக்கொண்டேன். திட்டி முடித்ததும், தன் கடைக்கு எதிரில் ஓர் எலும்பு டாக்டர் இருக்கிறார், நாளை காலை போகலாம், தனியாகப் போகத் தனக்குப் பயம் என்றார்.

எனக்கும் பயம். இனி அந்தக் கூடம் இல்லை. இடுப்பும் இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டால் யாருக்கு எதைச் சொல்லித்தரப்போகிறேன்?

நீங்கள் வர வேண்டும், அண்ணி. ஆஸ்பத்திரி நாற்றம் உங்களுக்கு ஆகாது, தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டாவது வாருங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது நேராக நிற்கச் சொல்வார்கள். எது நேர் என்று என் உடம்புக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குச்சி